நெஸ் ஏரியும் தேடலின் எல்லையும்



காணாத ஒன்றைப் பாடுவது கவிஞர்க்குப் புதிதன்று. காணாத ஒன்றைக் கண்டே தீருவது எனப் படகும் கருவியும் கொண்டு புறப்படுவதோ வேறு தொழில். இவ்விரண்டும் ஒரே நீர்நிலையில் எதிர்ப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் உள்ள நெஸ் ஏரியே அந்நீர்நிலை.

ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 230 மீட்டர் அளவு ஆழமும் உடையது அவ்வேரி. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய இரு நாடுகளின் ஏரிநீர் அனைத்தையும் ஒருங்கு சேர்த்தாலும் இதன் நீருக்கு ஈடாகாது. மலைச்சரிவுகளின் மட்கிய தாவரத் துகள்கள் கலந்து, நீர் தேநீரின் நிறம் கொண்டிருக்கும். சில மீட்டருக்குக் கீழே பார்வை செல்லாது. மறைபொருள் ஒன்று குடிபுக இதனினும் ஏற்ற இடம் அரிது.

ஏழாம் நூற்றாண்டில் அடோம்னான் எழுதிய கொலம்பா அடிகளின் வரலாற்றில், நெஸ் ஆற்றில் தோன்றிய கொடுவிலங்கு ஒன்று அடிகளின் ஆணைக்கு அஞ்சி ஓடியதாகச் செய்தி வருகிறது. மனிதரை முதுகில் ஏற்றிக்கொண்டு நீருள் மறையும் நீர்க்குதிரைக் கதைகளும் அம்மலைநாட்டில் பல. ஒன்று கருதத்தக்கது: அடிகளின் கதையைக் கேட்டவர் எவரும் வலையெடுத்து ஆற்றுக்குச் செல்லவில்லை. அக்கதைகள் சான்று கேட்கும் கதைகள் அல்ல. அடியாரின் பெருமையை ஒன்று சொல்லிற்று. நீரருகே செல்லும் சிறுவரை மற்றொன்று எச்சரித்தது. சொன்ன அளவில் அவற்றின் பணி முடிந்தது.

1933இல் நிலை மாறிற்று. அவ்வாண்டு மே 2ஆம் நாள் 'இன்வர்னஸ் கூரியர்' இதழ், ஏரியில் பேருருவம் ஒன்று புரண்டதைக் கண்ட செய்தியை வெளியிட்டது. கதை செய்தியாயிற்று; செய்திக்குச் சான்று வேண்டும் அன்றோ? ஆண்டு முடிவதற்குள் வெதரெல் என்னும் வேட்டைக்காரர் கரையில் அடிச்சுவடுகளைக் கண்டதாக அறிவித்தார். அவை நீர்யானையின் பதப்படுத்திய கால்கொண்டு பதிக்கப்பட்டவை என இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக அறிஞர் கண்டனர். 1934 ஏப்ரலில் 'டெய்லி மெயில்' இதழில், மருத்துவர் ஒருவர் எடுத்ததாகச் சொல்லப்பட்ட புகைப்படம் வந்தது. நீண்ட கழுத்தும் சிறிய தலையுமாக உலகோர் மனத்தில் நிலைபெற்ற உருவம் அப்படத்தினது. விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலொன்றின் மீது பொருத்திய பொம்மைத் தலையே அது என்ற உண்மை 1994இல்தான் வெளிப்பட்டது. சூழ்ச்சியின் பின்னிருந்தவர் அதே வெதரெல். அறுபது ஆண்டுகள் ஒரு பொம்மை உலகை ஆண்டது.

ஆயினும் தேடியவர் அனைவரையும் எள்ளி நகைத்தல் முறையன்று. டிம் டின்ஸ்டேல் என்னும் வானூர்திப் பொறியாளர் 1960இல் ஏரியில் நகரும் ஒன்றைப் படம்பிடித்தார். அது வெறும் படகே எனப் பலர் கருதினர். அவரோ தொழிலைத் துறந்து, 1987இல் மறையும்வரை மீண்டும் மீண்டும் அந்நீரருகே சென்று காத்திருந்தார். பொய்யரிடம் காணக்கிடைக்காத பொறுமை அது. 1962 முதல் 1972 வரை இயங்கிய ஆய்வுக்குழுவின் தன்னார்வலரும் ஆண்டுதோறும் கரையில் ஒளிப்படக் கருவிகளுடன் விழித்திருந்தவர்களே.

இவர்களின் இடர்ப்பாடு நேர்மைக் குறைவன்று. தேடப்படும் பொருளுக்கு வரையறை இன்மையே. இயற்கை ஆர்வலர் சர் பீட்டர் ஸ்காட்டும் அமெரிக்கரான ராபர்ட் ரைன்சும் 1975இல் 'நேச்சர்' இதழில் அதற்கு அறிவியற்பெயரே சூட்டினர். எலும்பில்லை, உடலில்லை, நீரடிப் புகைப்படங்கள் மட்டுமே உண்டு. பெயரில்லாத உயிருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடையாது என்பது அவர்கள் கூறிய காரணம். உண்டா என்று தெரியுமுன்பே அழியாமற் காக்க முற்பட்ட பரிவு வியப்புக்குரியது. அறிவியல் ஆகுமா என்பது வேறு. 1987இல் இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் அணிவகுத்து எதிரொலிக் கருவிகளால் ஏரியை அலசின. விளக்கம் பெறாத மூன்று எதிரொலிகள் எஞ்சின. நம்புவோர்க்கு மூன்று போதும்.

இவ்வேரி சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை பனிப்பாறையின் கீழ்க் கிடந்தது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்த பிளீசியோசார் இங்கு எஞ்சியிருக்க வழியில்லை. நம்புவோர் இதற்குச் சீலகாந்த் மீனை எடுத்துக்காட்டுவர். அழிந்ததாகக் கருதப்பட்ட அம்மீன் 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் அகப்பட்டது உண்மையே. ஆனால் அதனை எவரும் தேடிச் செல்லவில்லை. மீனவர் வலையில் வந்ததை அருங்காட்சியகப் பணியாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்தார். அதன்பின் ஸ்மித் என்ற அறிஞர் பதினான்கு ஆண்டுகள் தேடியது, உடலொன்றைக் கண்ணாற்கண்ட பின் நிகழ்த்திய தேடல். 1952இல் அடுத்த மீன் கிடைத்த கொமரோ தீவுகளில் மீனவர் அதனை முன்பே பெயர் சொல்லி அறிந்திருந்தனர். தேடலுக்கும் காத்திருப்புக்கும் உள்ள வேறுபாட்டை இம்மீன் தெளிவாகவே காட்டுகிறது.

2018இல் நியூசிலாந்தின் நீல் ஜெம்மல் தலைமையிலான குழுவினர் வேறு வழி கண்டனர். உருவத்தைத் தேடாது, நீரில் உயிர்கள் உதிர்த்த மரபணுத் துகள்களைத் திரட்டினர். மறு ஆண்டு வெளிவந்த முடிவில் ஊர்வனவற்றின் தடயம் ஏதுமில்லை. விலாங்கு மீனின் தடயம் மிகுதி. பெரிய விலாங்காக இருக்கலாமோ என்ற ஐயத்தை அறிஞரே விட்டுவைத்தார். இல்லாமையை முற்ற நிறுவும் கருவி எதுவும் இல்லை என்பதை அவர் அறிவார். செய்தித்தாள்கள் அவ்வொரு சொல்லையே பற்றிக்கொண்டன.

ஏரியடியில் ஒரு பூதம் கிடைத்ததும் உண்டு. 2016இல் எதிரொலிக் கருவி காட்டிய அது, பில்லி வைல்டரின் ஷெர்லாக் ஹோம்ஸ் திரைப்படத்திற்காகச் செய்யப்பட்டு, 1969இல் படப்பிடிப்பின்போது மூழ்கிய சுமார் 9 மீட்டர் உருவம். முதுகின் திமில்களை அகற்றியதால் மிதக்கும் ஆற்றல் இழந்ததாம்.

2023 ஆகஸ்டில் பல நாட்டு ஆர்வலர் மீண்டும் கூடினர். நீருள் இறக்கிய ஒலிவாங்கியில் இனந்தெரியாத நான்கு ஒலிகள் கேட்டன. குழுவினர் பேருவகையுடன் ஓடிச் சென்று பார்த்தபோது, பதிவுக் கருவி இணைக்கப்பட்டிருக்கவில்லை.