குல்மார்க்: பனிக்கு நாள் ஒதுக்குங்கள்

இன்று உங்களைக் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்கு அழைத்துப் போகிறேன். அதுவும் நடுக்குளிரில், பனிச்சறுக்குக்கு.

பனிச்சறுக்கு என்றதும் சுவிட்சர்லாந்து விசாவுக்கு என்ன செலவாகும் என்று விசாரிக்கிறோம். ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில், பீர் பஞ்சால் மலைத்தொடரில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குல்மார்க். ஆங்கிலேயர்கள் 1927-இலேயே இங்கே ஒரு பனிச்சறுக்கு மன்றம் தொடங்கிவிட்டார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான், சறுக்கிப் பழகியது இந்தச் சரிவுகளில்தான்.

எப்போது போவது? நம் வீடுகளில் பள்ளி விடுமுறைதான் பயணத் தேதியை முடிவு செய்யும். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு டிசம்பர் கடைசியில் கிளம்பிவிடுவோம். காஷ்மீரிகளின் குளிர்க்கணக்கோ டிசம்பர் 21-இல்தான் தொடங்குகிறது. முதல் நாற்பது நாள் கடுங்குளிருக்கு ‘சில்லை கலான்’ என்று பெயர். அடுத்த இருபது நாள் ‘சில்லை குர்த்’. அப்புறம் பத்து நாள் ‘சில்லை பச்சா’. சறுக்கப் போகிறவர்கள் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும் வரையுள்ள நாட்களைப் பாருங்கள். அதற்குள் பனி அடுக்கடுக்காக விழுந்து இறுகி, அடியில் கிடக்கும் கல்லையும் கட்டையையும் மூடியிருக்கும்.

அப்போதும் உத்தரவாதம் இல்லை. இந்தப் பனியைக் கொண்டுவருவது மத்திய தரைக்கடல் பக்கம் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகள். நம் ஐப்பசி மழை வங்கக்கடல் தாழ்வு மண்டலத்துக்குக் காத்துக் கிடப்பதைப் போல, குல்மார்க் அந்தச் சுழற்சிகளுக்குக் காத்துக் கிடக்கிறது. 2024 ஜனவரியில் அவை ஏமாற்றிவிட்டன. சரிவுகளில் காய்ந்த புல்தான் தெரிந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை மூன்று வாரம் தள்ளி நடத்தினார்கள். மறு ஆண்டும் பனி போதாமல் அந்தப் போட்டிகள் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குப் போயின. அரசாங்கமே தேதியை மாற்றிக்கொள்கிற ஊருக்கு ‘மூன்று பகல், இரண்டு இரவு’ பேக்கேஜில் போய் என்ன கண்டுவிட முடியும்? குல்மார்க்கிலேயே ஐந்து இரவாவது தங்குங்கள். ஸ்ரீநகர் படகு வீட்டில் தங்கி தினமும் வந்து போகலாம் என்று பயண முகவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். அடிவாரத்து டாங்மார்கிலிருந்து மேலே பதின்மூன்று கிலோமீட்டர் மலைப்பாதை. பனி விழுந்த நாளில் சக்கரத்துக்குச் சங்கிலி போடாமல் வண்டியை விடமாட்டார்கள். ஓட்டுநர் பனியில் மண்டியிட்டு, சங்கிலியைச் சக்கரத்தின் மேல் போர்த்தி, வண்டியை ஒரு முழம் நகர்த்தி, மறுபடி குனிந்து கொக்கியை மாட்டுவார். முன்னால் இருபது வண்டிக்கு இதே வேலை நடந்துகொண்டிருக்கும். காலைப் பொழுது அங்கேயே போய்விடும்.

அறை பதிவு செய்யும்போது ஜன்னலில் மலை தெரியுமா என்று கேட்பதைவிட, அறைக்குச் சூடு எதனால் வருகிறது என்று கேளுங்கள். ‘புகாரி’ என்கிற விறகு அடுப்பா, மின்சாரமா, இரவு முழுக்க இருக்குமா என்பதெல்லாம் முக்கியம்.

முதல் நாள் சும்மா இருங்கள். உயரம் உடம்புக்குப் பழக வேண்டும். மறுநாள் ஸ்கீ வாடகைக் கடை. கடைக்காரர் உங்கள் எடையைக் கேட்பார். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். காலணியை ஸ்கீயோடு பிணைக்கிற பிடியை அந்த எடைக்குத் தக்கபடிதான் அவர் திருப்புளியால் முறுக்குகிறார். குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் கழன்றுகொள்ளும். அளவுக்கு மேல் இறுகியிருந்தாலோ, விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகிவிடும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி காலுறை போடவும் கூடாது. காலணிக்குள் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சில்லிட்டுப் போகும். கம்பளிக் காலுறை ஒன்றே போதும்.

ஊர் நடுவே கிண்ணம் போன்ற புல்வெளி. கோடையில் அது கோல்ஃப் மைதானம். அதன் ஓரத்துச் சிறு மேடுகள்தான் புதியவர்களின் பள்ளிக்கூடம். பயிற்சியாளர் சொல்லும் முதல் பாடம், முன்னால் சாய வேண்டும் என்பது. சரிவைக் கண்டதும் உடம்பு தானாகவே பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கீ நம் பேச்சைக் கேட்காது. கெண்டைக்காலின் எதிர்ப்புறம் காலணியில் அழுந்தும்படி நின்று, முன்னுனிகளை நெருக்கிப் பின்பக்கத்தை விரித்தால் வேகம் அடங்கும். விழுவதாக இருந்தால் பக்கவாட்டில் விழுங்கள். அரசு நடத்தும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. நாலைந்து நாள் விடாமல் பழகினால், சின்னச் சரிவில் திரும்பவும் நிற்கவும் வந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே வந்துவிடும், நமக்குத்தான் பயம் அதிகம்!

குல்மார்க் என்றாலே எல்லோரும் சொல்வது கோண்டோலா என்கிற கம்பிவட ஊர்தி. பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பம். கோங்டூரி வரையிலான முதல் கட்டம் 1998-இல் ஓடத் தொடங்கியது. அஃபர்வத் மலைத்தோள் வரையிலான இரண்டாவது கட்டம் 2005-இல். மேல் நிலையம் சுமார் 3,950 மீட்டரில் இருக்கிறது. வானம் தெளிந்தால் தொலைவில் நங்க பர்வதம் தெரியும். இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்; காற்று பலமாக வீசினால் மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். போய்ப் பார்த்துவிட்டு, புதியவர்கள் ஸ்கீ இல்லாமல் கோண்டோலாவிலேயே இறங்கிவிடுவது நல்லது. மேலே இருப்பது தேர்ந்தவர்களுக்கான பொடிப்பனிச் சரிவு. அதற்காகவே ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களிலும் 2023-இல் போலந்துக்காரர்கள் இருவர், 2024-இல் ரஷ்யர் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்திருக்கிறார்கள். எல்லைக்கயிற்றைத் தாண்டுவதானால் உள்ளூர் வழிகாட்டி, பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் அலைக்கருவி, மண்வெட்டி எல்லாம் வேண்டும். ‘தனியாகக் கூட்டிப் போகிறேன், மலிவாக’ என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தை உரித்துவிடும். கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும் அவசியம். நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் ஒன்றாவது குடும்பத்தில் இருக்கட்டும்.

விமானத்தில் போனால் தில்லி வழியாக ஸ்ரீநகர். ரயிலில் போகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து கட்ரா வரை அந்தமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, செனாப் பாலத்தின் மேல். பனிமூட்டத்தில் விமானம் ரத்தாகும் நாட்களில் இந்த ரயில் கைகொடுக்கலாம்.

திரும்பும் பயணத்துக்கு முந்தின நாளே ஸ்ரீநகருக்கு இறங்கிவிடுங்கள். அடைபட்ட மலைப்பாதையில் விமானத்தைத் தவறவிட வேண்டாம். அப்படி மிஞ்சுகிற காலையில் பழைய நகரத்து ஆலி கதல் பக்கம் போனால் ஹரீஸா கிடைக்கும். தரையில் புதைத்த பானையில் ஆட்டுக்கறியும் அரிசியும் இரவெல்லாம் வெந்து குழைந்திருக்கும். மேலே காய்ந்த எண்ணெயைச் சுடச்சுட ஊற்றித் தருவார்கள். காலையிலேயே தீர்ந்துவிடும், சீக்கிரம் போங்கள். சைவக்காரர்கள் மதியம் ஏதாவது உணவகத்தில் நத்ரு யக்னி கேட்கலாம். தயிரில் வெந்த தாமரைக் கிழங்கு. சோற்றுக்கு நன்றாக இருக்கும்.