பின்பக்கம் முழுக்க கான்கிரீட் வேண்டாம், நான்கு அடி போதும்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், பின்பக்கத் தோட்டத்தைச் சீரமைக்கும் தீர்மானத்தின் மீது உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



பின்பக்கம் இருக்கும் 1,200 சதுர அடி மண் தரையை முழுக்க கான்கிரீட் போட்டுவிடலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஐப்பசி மழையில் சேறு. துணி காயப்போடப் போன மாமி வழுக்கி விழுந்தார். கொசு வேறு. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் கை தூக்கும் முன் ஐந்து நிமிடம் கேளுங்கள்.

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். 2009-ல் நான் செயலாளராக இருந்தபோதுதான் முன்பக்கம் கான்கிரீட் போட்டோம். வேப்பமரத்தின் அடியையும் விடவில்லை. தண்டு வரைக்கும் பூசச் சொன்னது நான்தான். "குப்பை சேராது, பெருக்கச் சுலபம்" என்று அன்று எல்லோரும் பாராட்டினீர்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். அந்த மரம் வேரோடு சாய்ந்தது நினைவிருக்கும். அன்று சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன, ஆகவே கான்கிரீட்டால் மட்டும்தான் விழுந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேரை வெட்டி எடுக்கும்போது பார்த்தேன். அகலப் பரவ வேண்டிய வேர், தளத்துக்கு அடியில் சுருண்டு கிடந்தது. மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணில்தான் இருக்கும். அதற்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும். டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. பின்பக்கம் இப்போது இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் மிச்சம்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. 1,200 சதுர அடி என்றால் சுமார் 111 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் லாரியில் சொன்னால் 13 லாரி. இதில் பாதிதான் மண்ணுக்குள் இறங்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஆறு லாரி. 2019 கோடையில் ஒரு லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கான்கிரீட் போட்டால் அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போகும். தெரு நிறைந்தால் திரும்ப நம் கேட்டுக்குள் வரும். 2015 டிசம்பரில் அதையும் பார்த்துவிட்டோம்.

நம் மந்தைவெளி, மயிலாப்பூர், பெசன்ட் நகர்ப் பக்கம் பெரும்பாலும் மணல் கலந்த மண். தண்ணீர் சடசடவென்று இறங்கும். மேற்கே தி.நகரில் என் மகள் வீட்டில் களிமண். அந்தப் பகுதியே 1920-களில் மாம்பலம் ஏரியில் உருவானது. அங்கே எளிதில் கிடைக்காத வசதி நமக்குக் காலடியில் இருக்கிறது. அதைக் காசு கொடுத்து மூடப் பார்க்கிறோம்.

நான் கான்கிரீட்டுக்கு எதிரி இல்லை. எங்கே வேண்டுமோ அங்கே நன்றாகப் போட வேண்டும். என் யோசனை இதுதான்.

ஒன்று, கட்டடச் சுவரை ஒட்டி இரண்டரை அடிக்கு கான்கிரீட் அவசியம். அஸ்திவாரத்தின் ஓரம் தண்ணீர் நிற்கக் கூடாது. வாட்டம் சுவரிலிருந்து வெளிப்பக்கம் மண்ணை நோக்கி இருக்க வேண்டும்.

இரண்டு, படிக்கட்டிலிருந்து துணிக்கொடி வரை நான்கு அடி அகல நடைபாதை. நான்கு அங்குல கனம், 1:2:4 கலவை, அரை அங்குலம் வாட்டம். ஐந்தடிக்கு ஒரு இடைவெளி விடாவிட்டால் தானாக விரிசல் விடும். மேலே வழவழவென்று சிமென்ட் பால் பூசக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். மாமி விழுந்ததற்கு மருந்து அந்தக் கோடுதான். குறைந்தது ஏழு நாள், வெயில் காலமானால் பத்து நாள், சாக்குப் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். மேஸ்திரி மூன்றாம் நாளே "போதும் சார்" என்பார். கேட்காதீர்கள்.

மூன்று, நாற்காலி போட்டு உட்காரும் இடத்துக்கு பேவர் பிளாக். நடக்க மட்டும் என்றால் 60 மில்லிமீட்டர் கனம் போதும். கார் ஏறும் இடத்துக்கு 80. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கல் ஆடக் கூடாது என்று அடியில் கான்கிரீட் படுக்கை போட்டு, இடுக்கில் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். பிறகு அதற்கும் கான்கிரீட் தரைக்கும் என்ன வித்தியாசம்? அடியில் இறுக்கிய ஜல்லி, அதன்மேல் எம்-சாண்ட், இடுக்கிலும் மணல். ஓரத்தில் மட்டும் கெட்டியான கான்கிரீட் கரை. கரை இருந்தால் கல் நகராது.

நான்கு, தென்னைக்கும் முருங்கைக்கும் சுற்றி மூன்றரை அடி மண்ணாகவே இருக்கட்டும்.

ஐந்து, தண்ணீர் தேங்கும் அந்த வடகிழக்கு மூலையில் மூன்றடி விட்டத்தில், சுமார் 15 அடி ஆழத்துக்கு கான்கிரீட் உறை இறக்கி ஒரு மழைநீர்க் கிணறு. கொசு வராதபடி இறுக்கமான மூடி. 2003-ல் சட்டத்துக்குப் பயந்து தோண்டிய பழைய குழி எங்கே இருக்கிறது தெரியுமா? 2009-ல் நான் போட்ட தளத்துக்கு அடியில். இந்த முறை புரட்டாசிக்குள் ஆண்டுதோறும் தூர் வார வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் மந்தைவெளிப்பாக்கத்தில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை 2002-ல் தொடங்கிய ரெயின் சென்டர் இருக்கிறது. அங்கே மாதிரிகளை வைத்தே காட்டி விளக்குகிறார்கள்.

சேறும் போகும், வழுக்காது, மழையும் உள்ளே இறங்கும். முழுக்க கான்கிரீட் போடும் செலவையும் இந்த யோசனையின் செலவையும் ஒரே மேஸ்திரியிடம் தனித்தனியாக எழுதி வாங்குவோம். அதுவரை தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒருமுறை அவசரப்பட்டு உங்கள் எல்லோரையும் கை தூக்க வைத்தவன் நான். அதனால்தான் இன்று எழுந்து நின்றேன்.