'அவனை வரச் சொல்': ஆங்கில இலக்கணத்திற்கு ஒரு தமிழ்த் திறவுகோல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் பேசுவோர் பெரும்பாலும் இலக்கிய நயங்களை எடுத்துரைப்பர். யாம் அத்தகைய புலமை உடையோம் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடும் மனுக்களோடும் காலங்கழிப்பவர். ஆகவே நாள்தோறும் எம் கையில் புழங்கும் ஒரு சிறு செய்தியையே உங்கள்முன் வைக்க விழைகின்றோம். ஆங்கிலத்தில் 'மீ', 'ஹிம்', 'ஹெர்', 'தெம்' என்னும் சொற்களின் பின்னே வினைச்சொல் எவ்வாறு வந்து அமர்கின்றது என்பதே அச்செய்தி.

இது பள்ளி ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தியன்றோ என்று சிலர் நினைக்கலாம். நம் காலனியில் பெற்றோர் பலர், வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைகளின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தால் தமிழ் எழுத்தே அறியாமல் சில பிள்ளைகள் வளர்கின்றனர். அந்த அச்சம் வேண்டாதது என்பதை இந்த ஓர் இலக்கணத்தைக் கொண்டே காட்டிவிடலாம்.

'ஐ டோல்ட் ஹிம் டு கம்' என்னும் தொடரை நோக்குவோம். 'அவனை வரச் சொன்னேன்' என்பது பொருள். சொன்னவன் நான், வரவேண்டியவன் அவன். வருகின்றவன் அவனே ஆயினும், 'ஹீ' என்னும் எழுவாய் வடிவம் அங்கே வரவில்லை. 'ஹிம்' என்னும் செயப்படுபொருள் வடிவமே வந்துள்ளது. அடுத்து வரும் வினையும் ஆண், பெண், ஒருவர், பலர் என்னும் வேறுபாடு எதனையும் காட்டுவதில்லை. சொன்னது நேற்றாயினும் அது 'டு கம்' என்றே நிற்கும். 'டு கேம்' என்று ஆகாது.

இனித் தமிழைப் பாருங்கள். 'அவன்' என்பது 'ஐ' உருபு ஏற்று 'அவனை' ஆயிற்று. 'வா' என்னும் வினை 'வர' ஆயிற்று. 'அவளை வரச் சொன்னேன்', 'அவர்களை வரச் சொல்வேன்' என எவ்விடத்தும் 'வர' மாறுவதில்லை. இதனையே நம் இலக்கணத்தார் செயவெனெச்சம் என்றனர். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் 'செய' என்னும் இவ்வாய்பாடு கூறப்பட்டுள்ளது. நம் அண்டை வீட்டார் இந்தியில் 'உஸே ஜானே தோ' என்கின்றனர். 'அவனைப் போக விடு' என்பது பொருள். அங்கும் ஆளைக் குறிக்கும் சொல் வேற்றுமை ஏற்றே நிற்கின்றது. 'தம்பியைச் சாப்பிட வரச் சொல்' என்று தாய் கூறக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இவ்விலக்கணம் முன்பே தெரியும்; அதன் பெயர்தான் தெரியாது.

ஆயினும் இரு மொழிகளும் பிரியும் இடங்கள் உண்டு. பிழைகள் தோன்றுவதும் அங்கேதான். முக்கியமான மூன்றை மட்டும் கூறுவோம்.

முதலாவது, 'சொல்' என்பது. தமிழில் இது ஒரே சொல். ஆங்கிலத்திலோ 'ஸே', 'டெல்' என இரண்டு. இவற்றுள் 'டெல்' என்பதே 'ஹிம்' என்பதனையும் 'டு கம்' என்பதனையும் சேர்த்து ஏற்கும். 'ஐ ஸெட் ஹிம் டு கம்' என்பது பிழை. 'ஆஸ்க்', 'ஆர்டர்', 'அட்வைஸ்', 'ரிக்வெஸ்ட்' ஆகியன 'டெல்' போலவே நடக்கும். 'ஸஜஸ்ட்' அவ்வாறு நடவாது. 'ஐ ஸஜஸ்டெட் ஹிம் டு கோ' என்று எழுதலாகாது.

இரண்டாவது, விருப்பத்தைக் கூறுவது. தமிழில் 'அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்போம். அதனை அப்படியே பெயர்த்து 'ஐ வாண்ட் தட் ஹீ ஷுட் கம்' என்று நம்மவர் எழுதுகின்றனர். 'ஐ வாண்ட் ஹிம் டு கம்' என்பதே முறை. 'ஐ வாண்ட் டு கம்' என்றால் வருபவன் நானே. இடையில் 'ஹிம்' நுழைந்தவுடன் வருபவன் அவன் ஆகின்றான். ஒரு சிறு சொல் செய்பவனையே மாற்றிவிடுகின்றது!

மூன்றாவது, 'டு' மறையும் இடம். 'மேக்', 'லெட்', 'ஸீ', 'ஹியர்' ஆகியவற்றின் பின் 'டு' வாராது. 'லெட் ஹிம் கோ' என்பது சரி. 'லெட் ஹிம் டு கோ' என்பது பிழை. ஏறத்தாழ இதே பொருளுடைய 'அலவ்' என்பதற்கோ 'டு' வேண்டும். 'ஹெல்ப்' இருவகையாகவும் வரும். 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'மேக்' என்பதோடும் 'டு' வருவதைக் காணலாம். இக்கால வழக்கில் அது மறைந்தது. எனினும் செயப்பாட்டு வினையில் அது திரும்பி வந்துவிடும்: 'ஹீ வாஸ் மேட் டு கோ'.

'ஹியர்' என்னுமிடத்தில் தமிழின் நுட்பம் ஒன்று உண்டு. 'அவன் பாடக் கேட்டேன்' என்றால் பாட்டு என் செவியில் விழுந்தது. 'அவனைப் பாடக் கேட்டுக்கொண்டேன்' என்றால் பாடுமாறு வேண்டினேன். முன்னதில் 'அவன்', பின்னதில் 'அவனை'. ஆங்கிலமோ இரண்டிடத்தும் 'ஹிம்' என்றே கூறும்: 'ஐ ஹெர்ட் ஹிம் ஸிங்', 'ஐ ஆஸ்க்ட் ஹிம் டு ஸிங்'.

இவை தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் செய்திகள் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் ஒரு தொழிலாளியை வற்புறுத்தி ஒரு தாளில் கையொப்பம் வாங்கினர். காணாமற்போன பொருளுக்குத் தாமே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. "என்னைக் கையெழுத்துப் போட வைத்தார்கள்" என்று அவர் தமிழில் தெளிவாகவே கூறினார். மனு எழுதிக் கொடுத்தவரோ 'தே லெட் மீ ஸைன்' என்று எழுதிவிட்டார். 'கையொப்பமிட விட்டனர்' என்பதன்றோ அதன் பொருள்! அவர் தாமே விரும்பிக் கையொப்பமிட்டதாக மேலதிகாரி கொண்டார். மாதந்தோறும் சம்பளத்தில் பணம் பிடிக்கப்பட்டது. பின்னர் அவர் எம்மிடம் வந்தார். மறுமனுவில் 'ஐ வாஸ் மேட் டு ஸைன்' என்று எழுதியனுப்பிய பிறகே மறு விசாரணைக்கு வழி பிறந்தது.

போட வைத்தார், போட விட்டார், போடச் சொன்னார், போடக் கேட்டுக்கொண்டார் என்னும் நான்கிலும் கையொப்பம் ஒன்றே, பொறுப்பு வேறு. 'மேட்', 'லெட்', 'டோல்ட்', 'ஆஸ்க்ட்' என்று ஆங்கிலமும் அதனையே பிரித்துரைக்கின்றது. அத்தொழிலாளியின் தமிழில் குறையில்லை. அவருடைய தமிழைக் கூர்ந்து கேளாமல் ஆங்கிலத்தில் எழுதியதே குறை.

ஆதலின் பெற்றோர்க்கு எம் வேண்டுகோள் இதுவே. ஞாயிற்றுக்கிழமைதோறும் அரைமணி நேரம் பிள்ளைகளோடு அமருங்கள். 'அக்காளைப் படிக்கச் சொல்', 'பாப்பாவைத் தூங்க விடு', 'அப்பா வரக் கண்டேன்' என்பன போன்று பத்துத் தொடர்களைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். பிறகு அவற்றை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். எங்கே இரு மொழியும் ஒத்துச் செல்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை அவர்களே கண்டுகொள்வர். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைகளை நம் சங்கத்திற்கு அனுப்புங்கள். கற்பிக்க நம்முள் முன்வருவோர் உண்டு.

ஆங்கிலம் நமக்குப் பிழைப்புத் தருகின்றது. அதனை நன்கு கற்போம். அதனைக் கற்பதற்குத் தமிழைக் கைவிட வேண்டுவதில்லை. நம் பிள்ளைகளைத் தமிழில் பேச விடுவோம், படிக்கச் செய்வோம், எழுதச் சொல்வோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!