பழஞ்சேலையில் பை: கைவேலைக்குக் கணக்கு உண்டு

(சிலிபினில் தையல் பயின்று முடித்த மாதர் மத்தியில் ஆற்றிய பேச்சு)



"தையலைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் பட்டம் பெற்றவளல்ல. தோட்டத்து லயத்தில் பிறந்தவள். விடியுமுன் பிரட்டுக்கு நின்றவள். பால்மரம் வெட்டிய கையால்தான் பிறகு ஊசியைப் பிடித்தேன். ஆகையால் ஏட்டுப் படிப்பைச் சொல்ல மாட்டேன். கை கண்டதைச் சொல்கிறேன்.

தோட்டத்தில் நாம் துணியை எப்படி வைத்துக்கொண்டோம் என்பதை இளையவர்கள் கேட்க வேண்டும். தீபாவளிக்கு ஒரு சேலை வரும். முதல் வருஷம் அது கோயிலுக்கு. அடுத்து விருந்தாடி வீட்டுக்கு. பிறகு வீட்டில் கட்ட. சாயம் வெளுத்தால் பிள்ளைக்கு ஏணை. பிள்ளை இறங்கி நடந்ததும் அதே துணி கிழிபட்டுத் தலைத்துண்டாகும், ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் போட்டுவர இடுப்புப் பையாகும். கடைசியில் அடுப்படிக் கரித்துணி. மாவு சாக்கைப் பிரித்து வெளுத்துத் தலையணை உறை தைத்த தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அன்று அது வறுமை. இன்று அதையே பத்திரிகைகளில் புதுக் கலை என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் அது நம் தாய்மாரின் கல்வி என்பதை நாம் மறக்கக் கூடாது.

இப்போது பைக்கு மதிப்பு வந்ததேன்? பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைத்து, ஆற்றைக் கெடுத்து, ஊரையே திணறடித்ததால் வந்தது. பினாங்கு மாநிலம் 2009-இல் வாரத்தில் ஒரு நாள் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்று தொடங்கி, 2011 முதல் எல்லா நாளும் இல்லை என்றது. ஒருமுறை வீசும் பிளாஸ்டிக்கை 2030-க்குள் ஒழிப்பதென்று மலேசிய அரசு 2018-இல் திட்டம் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாள் தடை வந்தது. 2021 டிசம்பர் 23-இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். மஞ்சள் பையோடு பட்டணத்துக்கு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலம் ஒன்று உண்டு. சிரித்தவர்களே பையைத் தேடும் காலம் வந்துவிட்டது!

ஆனால் ஓர் எச்சரிக்கை. துணிப்பை என்றாலே நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும், ஆலைக்கு மின்சாரம் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பமூட்டும் வாயுக் கணக்கில் மட்டும் பார்த்தால், ஒரு புதுப் பருத்திப் பையை 131 முறை உபயோகித்தால்தான் அது சாதாரணப் பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும் என்றது. எனவே புதுத் துணி வாங்கி அலமாரியில் அடுக்கப் பை தைப்பது வீண். ஏற்கெனவே நெய்து, உடுத்தி, ஓய்ந்த துணியில் தைப்பதே சரி. தைத்ததை நாள்தோறும் தூக்குவது அதைவிடச் சரி.

இனி வேலைக்கு வருவோம். பருத்திச் சேலை ஒன்று ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம், 45 அங்குல அகலம். முதலில் துவைத்துத் தேய்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நைந்த இடம் தெரியும். அதைத் தள்ளிவிட வேண்டும். கையால் இழுத்தால் பிரியும் துணி அரிசியைத் தாங்காது.

நூலோட்டம் பார்த்து நேராக வெட்டுங்கள். ஒரு துண்டு 38 அங்குல நீளம், பதினாறரை அங்குல அகலம். நடுவில் மடித்தால் அடிப்பாகத்தில் தையலே வராது. தையல் இல்லாத அடி பிரியாது. சேலைத் துணி மெல்லிது. ஆகவே இரண்டு துண்டை ஒன்றாக வைத்து ஒரு பை. அகலத்தில் 12 அங்குலம் மிஞ்சும். அதில் 4 அங்குலப் பட்டை மூன்று. இரண்டு பட்டை கைப்பிடிக்கு, ஒன்று உள்பைக்கு. துணி நன்றாயிருந்தால் ஒரு சேலையில் ஐந்து பை எடுக்கலாம்.

பக்கத் தையலை இரட்டையாகப் போடுங்கள். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க ஓரத்தில் ஒரு தையல். பிறகு திருப்பி அந்த ஓரத்தையே உள்ளே அடக்கி இன்னொரு தையல். பிசிறு வெளியே தெரியாது, துவைத்தாலும் பிரியாது. கைப்பிடிப் பட்டை 26 அங்குல நீளம்; அதை நான்காக மடித்து ஓர் அங்குல அகலமாக்குங்கள். பையின் வாயில் அதைப் பொருத்தும் இடத்தில் சதுரமாகத் தைத்து, உள்ளே குறுக்கே பெருக்கல் குறி போடுங்கள். பையின் பாரமெல்லாம் அந்த நாலு சதுரத்தில்தான் நிற்கிறது. பை கிழிந்தது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் பெரும்பாலும் கிழிந்திருப்பது அங்கேதான். பழைய காக்கி, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16-ஆம் எண் ஊசி போடுங்கள். மெல்லிய ஊசி முறியும்.

தோழியரே! இனி நான் சொல்லப் போவது தையலைவிட முக்கியம்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு கடைக்காரர் என் பையைப் பார்த்தார். "நன்றாயிருக்கிறது, பழந்துணிதானே, பைக்கு 3 வெள்ளி தருகிறேன், நூறு கொண்டு வா" என்றார். எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்து கடிகாரத்தை முன்னால் வைத்து ஒரு பை தைத்தேன். துவைத்து உலர்த்திய துணியைத் தேய்த்து, வெட்டி, தைத்து, நூல் நறுக்கி முடிக்க 50 நிமிஷம். நூல், ஊசி, மின்சாரம், மிஷின் தேய்மானம் எல்லாம் ஒரு வெள்ளி என்று வைத்தேன். மிச்சம் 2 வெள்ளி. அதாவது என் உழைப்புக்கு மணிக்கு 2 வெள்ளி 40 காசு!

இந்த நாட்டில் 2025-இல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. அந்தக் கணக்கில் 50 நிமிஷத்துக்கு 6 வெள்ளி 81 காசு ஆகிறது. செலவு ஒரு வெள்ளியும் சேர்த்தால் 7 வெள்ளி 81 காசு. எனவே 8 வெள்ளிக்குக் கீழே விற்றால் நான் கடைக்காரருக்கு என் கையிலிருந்து பணம் கொடுக்கிறேன் என்று அர்த்தம். வீட்டில் தைப்பவருக்கு அந்தச் சட்டம் நேரே பொருந்தாமல் போகலாம். ஆனால் நம் உழைப்பை அளக்க அது நல்ல அளவுகோல். பால் நிறுக்கும் தராசில் கண் வைக்கத் தெரிந்தவர்கள் நாம். செக்ரோலில் ஒரு நாள் பெயர் விட்டுப்போனால் கிராணியாரை விடமாட்டோம். தையலில் மட்டும் ஏன் கணக்குப் பார்க்க வெட்கம்? "சும்மா இருக்கிற நேரந்தானே" என்பார்கள். பெண்ணுக்குச் சும்மா இருக்கிற நேரம் எங்கே இருக்கிறது?

அந்த விலைக்கு யார் வாங்குவார் என்று கேட்பீர்கள். தனியாளாகப் போனால் கடைக்காரர் சொன்னதே விலை. கூடிப் போனால் பேச்சு வேறு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளாய்ப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் வம்சத்தார் வாழும் இடம். அங்குள்ள பெண்கள் கிழிந்த வேலைச் சட்டை, கால்சட்டைகளை ஒட்டுப்போட்டுக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் 'ஃபிரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவை அமைத்துப் பெரிய கடைகளுக்கே விற்றார்கள். 2002-இல் கீஸ் பெண்ட் போர்வைகளை ஹூஸ்டன் அருங்காட்சியகமும் நியூயார்க் அருங்காட்சியகமும் சுவரில் மாட்டிக் காட்டின. உழைப்பாளியின் கந்தல் கலையாயிற்று. ஆனால் அதற்கு 36 ஆண்டு முன்பே அவர்கள் கூட்டுறவாய்ச் சேர்ந்து விற்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துப் புந்தோங்கைப் பாருங்கள். கச்சாங் பூத்தே என்றால் ஈப்போவில் புந்தோங்கின் பெயர்தான் வருகிறது. கடலை வறுத்த கைகள் ஓர் ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தன. கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பை கொடுக்கும் சமூகம் நாம். ஒரு முகூர்த்தத்துக்கு 300 பை என்றால் ஒருத்தி முடிக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு 30. ஒரே அளவு, ஒரே தையல், ஒரே விலை. எல்லாருக்கும் தெரியும்படி ஒரு கணக்கு நோட்டு. எழுதக் கிராணிமார் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். தைக்கத் தோட்டத்துக் கைகள் இருக்கின்றன. இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசியாக ஒன்று. எல்லாப் பையும் விற்பதற்கல்ல. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அக்காள், கணவர் தவறிய பிறகு அவர் வெட்டுக்குப் போட்ட காக்கிச் சட்டையைப் பத்து வருஷம் பெட்டியில் வைத்திருந்தார். மார்பில் பால்கறை கறுத்துக் கிடந்தது. அந்தக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. தோட்டம் போய் வீட்டு மனையானபோது வீட்டைக் காலி செய்தார்கள். "இதை எங்கே வைப்பேன் தங்கச்சி?" என்று என்னிடம் கொண்டுவந்தார். சட்டைப் பையை வெட்டாமல், கறையை மறைக்காமல், அப்படியே தைத்துக் கொடுத்தேன். அதில்தான் இன்றும் அக்காள் சந்தைக்குப் போகிறார். சில்லறையைப் போடுவது கணவர் பீடி வைத்த அதே சட்டைப் பையில்.

அந்தப் பைக்கு விலை கேட்காதீர்கள். மற்றப் பைகளுக்கு விலை சொல்லக் கூசாதீர்கள். இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் இந்த வகுப்பில் படித்தது வீண்போகாது.