உறுதிப் பெட்டி



இந்தப் பேச்சுக்கு என்னை அழைத்த அறக்கட்டளையை நிறுவியவர்கள் ஓர் ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள். அவர்களிற் பலர் இன்று கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். வளமான நாட்டு வாழ்வையும் நலிந்த அரசின்கீழ் வாழ்வையும் ஒப்பிட்டுப் பேசுங்கள் என்று கேட்டவர்களும் அவர்களே. ஓர் அட்டவணையைக் காட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் அட்டவணை குழப்புகிறது. நோர்வேயில் ஒருவரின் சராசரி வருமானம் இலங்கையரின் வருமானத்தைப்போல் சுமார் இருபது மடங்கு. ஆயுளோ அங்கே ஏறத்தாழ 83, இங்கே ஏறத்தாழ 77. இருபது மடங்கு பணம் ஆறு வயதைத்தான் வாங்கித் தந்திருக்கிறது. பல தசாப்தங்களாக இந்த நாடு தந்துவரும் இலவசக் கல்விக்கும் இலவச மருத்துவத்துக்கும் இதில் பெரிய பங்குண்டு. எந்தக் கோபத்திலும் அதை மறுக்கமாட்டேன்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? என்னைக் கேட்டால் எங்கள் வீட்டு ரங்குப்பெட்டியைக் காட்டுவேன்.

காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சங்கக்கடைக் கூப்பன் மட்டை, துணியில் முடிந்த நகை. இவ்வளவும் அதற்குள் இருந்தன. 1990 ஆனியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டுப் போரால் வெளிக்கிட்டபோது அம்மா அதைத் தூக்கினா. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தபோதும் பெட்டி சைக்கிள் கரியரில் வந்தது. தமிழ்நாட்டார் 'பத்திரம்' என்பதை நாங்கள் 'உறுதி' என்கிறோம். யாரோ அரசை நம்பி வைத்த பெயர். அம்மாவின் பெட்டியில் உறுதி இருந்தது; காணிக்குள் காலடி வைக்க முடியவில்லை. காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது.

ஒஸ்லோவில் தங்கை வீடு வாங்கிய பிறகு போயிருந்தேன். சாப்பிட்டு முடிய என் வாய் சும்மா இருக்கவில்லை.

“பிள்ளை, வீட்டு உறுதி எங்கை வைச்சிருக்கிறாய்?”

“அப்பிடி ஒண்டும் கையிலை இல்லை அண்ணா. எல்லாம் அவையின்ரை பதிவிலை கிடக்கு.”

“துலைஞ்சால்?”

“ஏன் துலையுது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. நான் கண்ட செல்வம் அதுதான். அவளுடைய காரோ, சூடேற்றிய குளியலறையோ என்னை அவ்வளவு உலுக்கவில்லை.

ஆனால் அவள் முழுதாக நோர்வேக்காரியாகிவிடவும் இல்லை. 2024இல் அந்த அரசு வீடுவீடாக ஒரு சிறு கைநூல் அனுப்பியது: நெருக்கடி வந்தால் ஒரு வாரம் சமாளிக்க உணவும் தண்ணீரும் வைத்திருங்கள் என்று. அயலவர்கள் கடைக்கு ஓடினார்களாம். இவள் ஓடவில்லை. நிலவறையில் அரிசி மூட்டை, பருப்பு, நெருப்புப்பெட்டி எல்லாம் முப்பது வருடமாக இருக்கின்றன.

ஏனென்று இளையவர்களுக்குச் சொல்லவேண்டும். 1990 முதல் பல வருடங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் எரிபொருள், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி எல்லாம் அரும்பொருள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியைச் செருகி விளக்குச் செய்தோம். அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம்.

பிறகு அதே தட்டுப்பாடு முழு நாட்டுக்கும் வந்தது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் தற்காலிகமாகத் திருப்பிச் செலுத்தமுடியாது என்று இலங்கை அரசு அறிவித்தது. அதற்குச் சற்று முன், பங்குனிக் கடைசியில், மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலத்தைத் தொட்டது. பெற்றோல் வரிசையில் சனம் இரவிரவாகக் கிடந்தது. அப்போது எங்களுக்குள் ஒரு நமட்டுச் சிரிப்பு: இதெல்லாம் எங்களுக்குப் பழசு. எனக்கும் அந்தச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாயிருந்தது. ஒவ்வொரு வீடும் தனக்குத் தானே மின்சார சபை, தானே வங்கி, தானே காணிப் பதிவகம் என்றிருந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் நாள் எங்கே போகும்? தண்ணீர் இறைக்க, வரிசையில் நிற்க, பெட்டியைக் காவல் காக்க. அந்த மணித்தியாலங்களை நான் தொடக்கத்தில் சொன்ன அட்டவணை எண்ணுவதில்லை.

நோர்வேக்காரர் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்று நம்பிவிடாதீர்கள். 1956இல் குருநகரிலிருந்து அந்தோனி இராஜேந்திரம் அங்கே போனபோது அவர்களுக்கு எண்ணெய் கிடைத்திருக்கவில்லை; மீனும் மரமும் கப்பலும்தான். பிறகு அவர் முயற்சியால் காரைநகரில் சீ-நோர் நிறுவனம் எழுந்து படகு கட்டியது. எண்பதுகளில் எங்கள் இளைஞர்கள் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் கைவிறைக்க மீன் வெட்டினார்கள். அந்த ஃபின்மார்க் ஒருகாலத்தில் ஏறத்தாழ முழுதாக எரிந்த மண் என்பது அவர்களிற் பலருக்குத் தெரிந்திராது.

1944 ஒக்டோபர் 28ஆம் திகதி ஹிட்லரின் கட்டளை வந்தது. பின்வாங்கும் ஜேர்மன் படை சுமார் 50,000 பேரைப் படகுகளில் தெற்கே துரத்தியது. வீடு, பாலம், மின்கம்பம், படகு எதையும் விடாமல் கொளுத்தியது. பலர் குகைகளிலும் மண்குடிசைகளிலும் ஒளிந்து அந்தக் குளிர்காலத்தைக் கடந்தார்கள். ஹமர்ஃபெஸ்ட் நகரில் எரியாமல் நின்ற கட்டடம் ஒரு சிறு தேவாலயம் மட்டும்.

நாளையும் மாதத்தையும் பாருங்கள். 51 வருட இடைவெளியில் ஏறத்தாழ அதே தினங்களில் எங்கள் இடப்பெயர்வும் நடந்தது.

ஃபின்மார்க் எரிந்த அடுத்த வருடம் அங்கே போர் முடிந்தது. பொறுங்கள், முதலில் தெற்கிலேயே இருங்கள் என்று அரசு சொன்னதையும் கேளாமல் சனம் திரும்பியது. அரசு மறித்துக்கொண்டு நிற்கவில்லை. வீட்டு வரைபடம் போட்டது. 1946இல் வீட்டுக்கடன் வங்கி தொடங்கியது. பதினைந்து வருடத்துக்குள் பெரும்பகுதி கட்டி முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, குழந்தையாக, அப்படி மீண்டெழுந்த அதே ஹமர்ஃபெஸ்டுக்குப் போன கம்ஸி குணரட்ணம் 2021இல் நோர்வே நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அந்தக் கட்டுமானத்துக்குப் பிறகு வந்த எண்ணெய்ப் பணத்திலும் அவர்கள் ஒரு விதி வைத்தார்கள்: அதைச் சேர்த்துவைக்கும் நிதியத்தின் முதல் அப்படியே இருக்கவேண்டும், இப்போதைய கணக்கில் சராசரியாக வருடம் சுமார் 3 வீதத்துக்கு மேல் தொடக்கூடாது. இன்னும் பிறக்காத பிள்ளைக்கு அந்த நாட்டில் பங்கு இருக்கிறது.

இங்கே போர் முடிந்து ஏழு வருடம் கழித்து, 2016இல், ஒரு தனிச்சட்டம் வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்தவர் காணியைப் பத்து வருடம் ஆண்டவருக்கு அது சொந்தமாகிவிடாதபடி, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கும் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் 26 வருடத்தை 'நடக்காத காலம்' என்று எழுதவேண்டியிருந்த நாட்டில்தான் அம்மா பெட்டியோடு வாழ்ந்தா.

வலிகாமம் வடக்கின் மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில் இராணுவத்திடமிருந்து விடுபட்டது. எங்கள் காணி அதற்கும் பிந்தித்தான் கைக்கு வந்தது. அம்மா அப்போது இல்லை. தங்கை ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தாள். உறுதியைப் பிரித்து வாசித்தோம்: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் காணி, மேற்கெல்லையில் பனைகள், கிணற்றில் ஆறில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும். ஒழுங்கை இல்லை. பனை ஒன்றும் இல்லை. வடக்குக் காணிக்காரர் குடும்பத்தோடு கனடாவில். பற்றையை வெட்டிக்கொண்டு போன பொடியன் திடீரென்று கையை உயர்த்திக் கூப்பிட்டான். இடிந்த கட்டுக்குள், இலைகுழை மூடிய தண்ணீர். நில அளவையாளர் தன் நாடாவின் ஒரு நுனியைத் தங்கையிடம் கொடுத்து, கிணற்றுக் கட்டில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.