செவிவழிப் புகுந்த நூற்காதல்

(பொன்னமராவதியில் தமிழன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துரு)



"பிள்ளைகள் பாடநூலைத் தவிர வேறு நூலைத் தொடுவதேயில்லை, என்ன செய்வது?" என்று இவ்வூர்ப் பெற்றோர் சிலர் என்னைக் கேட்டனர். அக்கேள்வியே இன்றைய பேச்சிற்குப் பொருளாகிவிட்டது. இதற்கு விடை தேடி மேலைநாட்டு உளநூலார் எழுதியவற்றைப் புரட்ட வேண்டியதில்லை. மிதிவண்டியில் சென்று திரும்பத்தக்க தொலைவுக்குள்ளேயே விடை இருக்கின்றது.

மகிபாலன்பட்டியை அறிவீர்கள். கணியன் பூங்குன்றனார் பிறந்த பூங்குன்றம் அதுவே என்று நாம் போற்றுகிறோம். அவ்வூரில் 1881ஆம் ஆண்டு கதிரேசனார் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே நோய் தாக்கிக் கால் வலுவிழந்தது. திண்ணைப் பள்ளியில் அவர் பயின்றது ஏழு மாதம். ஏழாண்டு என்று பிறழக் கேட்டுவிடாதீர்கள், ஏழே மாதம்! பதினோராம் அகவையில் வணிகம் பழக ஈழத்திற்கு அனுப்பினர். சில ஆண்டுகளில் ஊர் திரும்பினார். கடைக்கணக்கு எழுதியே காலம் கழிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது. ஆனால் அவரோ தமிழ்நூல்களைப் பற்றிக்கொண்டார். தாமே படித்தார், ஐயம் எழுந்தவிடத்துப் புலவரைத் தேடினார், அரசஞ் சண்முகனார் போன்ற இலக்கணக் கடல்களோடு பழகினார். பின்னர் வடமொழியும் கற்று, 'மிருச்சகடிகம்' என்னும் நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். அப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாவே இனிக்கும்! ஏழு மாதம் பள்ளி சென்ற அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார்.

எந்தத் தேர்வு அவரைப் படிக்கத் தூண்டிற்று? எந்த மதிப்பெண்? ஒன்றுமில்லை. எழுத்தறிதல் வேறு, நூலை விரும்புதல் வேறு. முன்னது கண்ணின் பயிற்சி. பின்னது செவியில் தொடங்குவது. அந்நாளில் நம் பகுதி ஊர்களில் புரட்டாசித் திங்கள் வந்தால் வீடுகளில் கம்பன் ஏட்டைப் பிரித்து ஒருவர் படிப்பார்; வீட்டாரும் அயலாரும் சூழ அமர்ந்து கேட்பர். அக்கதையைப் பற்றி நமக்கு வேறு கருத்துண்டு. அதனை இங்கு விரிக்கவில்லை. ஆயினும் கதை எவருடையதாயினும் செவியில் விழுந்தது தமிழ்! அரைத்தூக்கத்தில் தாயின் மடியிற் கிடந்த குழந்தையின் காதிலும் அத்தமிழ் விழுந்தது. 'இவ்வளவு இனியது அந்த ஏட்டினுள்ளேயா இருக்கிறது!' என்னும் வியப்பு அங்கே பிறக்கும். அவ்வியப்பு ஒன்றே போதும். அதன்பின் எழுத்தைத் தேடிப் பிள்ளை தானே ஓடும்.

கதிரேசனார் தாம் பெற்ற சுவையைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1909ஆம் ஆண்டு மேலைச்சிவபுரியில், பழநியப்பனார் என்னும் செல்வரின் துணையோடு 'சன்மார்க்க சபை' தோன்றிற்று. பெயர் வடமொழிப் பெயர்தான். தனித்தமிழ் இயக்கம் 1916இல் தோன்றுமுன் இட்ட பெயராகலின் அக்குறையைப் பொறுத்துக்கொள்வோம். செயல் தமிழ்ச்செயல்! விழா நாள்களில் புலவர் பேசினர். வணிகரும் உழவரும் கேட்டனர். அச்சவையின் வழி வளர்ந்ததே கணேசர் செந்தமிழ்க் கல்லூரி. பாவலர் முடியரசனார் அங்குப் பயின்றவரே.

அதே மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்தவர் வ.சுப. மாணிக்கனார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பள்ளிப் படிப்பை விட்டுப் பருமா நாட்டு இரங்கூனுக்கு வட்டிக்கடைப் பணிக்குச் சென்றார். தேடி வருபவரிடம் 'முதலாளி இல்லை' என்று சொல்லுமாறு பணித்தபோது, பொய் சொல்ல மறுத்து வேலையை இழந்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்குப் பின் நடந்ததையே நான் பெரிதாக எண்ணுகின்றேன். ஏறத்தாழ பதினெட்டு அகவையில் கையில் தொழிலும் பட்டமும் இன்றி ஊர் திரும்பிய இளைஞரை, 'இனி இவனுக்குப் படிப்பு எங்கே வரும்?' என்றுதான் உலகம் சொல்லும். கதிரேசனார் அவ்வாறு எண்ணவில்லை. அருகில் அமர்த்தித் தமிழூட்டினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றார். அவ்விளைஞரே 'தமிழ்க்காதல்' எழுதினார். 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். தமிழ்வழிக் கல்விக்கென இயக்கம் கண்டு ஊர் ஊராகச் சென்றார்.

கதிரேசனார் அவருக்குக் கொடுத்தது என்ன? பாடக்குறிப்புகளையா? ஒரு நூலைச் சுவைத்துப் படிக்கும் ஒரு மாந்தரை அருகிருந்து காணும் வாய்ப்பையே கொடுத்தார். பெற்றோரே, உங்கள் பிள்ளை உங்களை ஒரு நூலோடு என்றேனும் கண்டதுண்டா?

செல்வர் வீட்டுக்கும் புலவர் வீட்டுக்கும் மட்டுமே இது பொருந்தும் என்று எண்ணவேண்டா. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் 1931ஆம் ஆண்டு, மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றனர். கனகசபையார் என்னும் பொறியாளரின் முயற்சி அது. நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் தொடங்கி வைத்தார். வண்டி வந்து நின்றால் எழுத்தறிந்தவர் நூலெடுப்பார். அறியாதவர் படிக்கச் சொல்லிக் கேட்பார். பின்னர் நம் இயக்கப் படிப்பகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் இதழைப் படிக்கப் பத்துப் பேர் கேட்டனர். என் பாட்டனார் அவ்வாறு கேட்டவர்களுள் ஒருவர். ஒரு நாள், படிப்பவர் ஒரு வரியை விழுங்கிவிட்டார் என்று ஐயுற்று, அதனைத் தாமே சரிபார்க்க வேண்டுமென்றே நாற்பதாம் அகவையில் எழுத்துக் கற்றார்!

ஈழத்தையும் நினையுங்கள். 1933இல் செல்லப்பா என்பார் தம் வீட்டு நூல்களை அயலார்க்குப் படிக்கக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981இல் மே முடிந்து சூன் பிறக்கும் வேளையில் அதற்குத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஓர் இனத்தை எங்கே தாக்கவேண்டும் என்பதைத் தீயிட்டவன் நன்கறிந்திருந்தான். நம் ஊரில் அவ்வளவு வேலை எவனுக்கும் இல்லை. படிப்பாரின்றி நூல்கள் தாமாகவே செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஆனால் நூலகத்தின் படியை மிதிப்பதில்லை!

இன்று நடப்பது யாது? மூன்று அகவைப் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியில் விடுகிறோம். அதன் செவி அறிந்த மொழி வேறு; கண்முன் நிற்கும் எழுத்து வேறு. எழுத்தைக் கூட்டினால் ஒலி பிறக்கிறது, பொருள் பிறக்கவில்லை. பொருள் பிறவாத ஒன்றை எவர் விரும்புவர்? மாலையில் வீட்டிலேனும் தமிழ்நூலைக் கேட்குமோ என்றால், ஆத்தாவின் கையிலும் கைப்பேசி. அப்பனின் கையிலும் கைப்பேசி. பிள்ளை நூலை வெறுக்கவில்லை, ஐயா. நூலை அதற்கு எவரும் அறிமுகப்படுத்தவேயில்லை.

"ஆங்கிலம் வேண்டாவா? சோறு போடுவது அதுதானே?" என்பீர்கள். மாணிக்கனார் தம் ஆராய்ச்சி நூலை ஆங்கிலத்திலும் வெளியிட்டவரே. கதிரேசனாரும் வடமொழியைக் கசடறக் கற்றவரே. தமிழில் வேரூன்றிய பின்னரே அவர்கள் பிறமொழிகளைக் கற்றனர். வேரில்லாத செடிக்கு எத்துணைக் குடம் நீர் ஊற்றினாலும் ஈரமாவது மண்தான்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. இரவு உணவிற்குப் பின் அரைமணி நேரம் வீட்டில் ஒருவர் வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளைக்கு எட்டும் கதையாக இருக்கட்டும். எடுத்த எடுப்பில் சங்க நூலைத் தூக்கி அதன் தலையில் வைத்துவிடாதீர்கள். நம் அன்பர் சிலர் அவ்வாறு செய்து பிள்ளைகளை ஓட்டிவிட்டதை நான் அறிவேன். படிக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். பொருள் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். கதை சூடேறும் இடத்தில் நிறுத்தி, 'மீதி நாளைக்கு' என்று நூலை மூடிவையுங்கள். மறுநாள் அந்நூல் வைத்த இடத்தில் இருக்காது. பிள்ளையின் கையில் இருக்கும்.

எழுத்தறியாத தாய்மார்கள் கவலற்க. உங்களுக்காக ஞாயிறுதோறும் மாலையில் தெருவிற்கொரு திண்ணையில் கூடிப் படிக்கலாம் என்று நம் இளைஞர் நால்வர் முன்வந்துள்ளனர். நூல்களை நான் தருகிறேன். முதல் ஞாயிறு யார் வீட்டுத் திண்ணை என்பதை மட்டும் இங்கேயே முடிவு செய்துவிட்டு எழுவோம்.