ஒரே படத்தில் முடியணும்

புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, எக்ஸ்ரே படம் எடுக்கும் ரேடியோகிராபி படிக்கப் போகிறேன் என்றால், "பட்டனை அமுக்க இத்தனை வருஷப் படிப்பா?" என்று வீட்டில் கேட்பார்கள். பி.எஸ்சி. படிப்பு 3 வருஷம். அதன் பிறகு ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அந்தப் பயிற்சியில் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

மெஷினைப் பழகுவது சீக்கிரம் முடிந்துவிடும். ஆளைப் பழகுவதுதான் நாள் பிடிக்கும்.

நெஞ்சுப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருமலோடு ஒரு பெரியவர் வருகிறார். காதும் கொஞ்சம் மந்தம். தாடையைத் தூக்கி, கைகளை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளி அவரை நிற்க வைக்க வேண்டும். தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் இருக்க அதுதான் வழி. "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று புதுப் பிள்ளை வேகமாகச் சொல்லி பட்டனை அமுக்கிவிடும். பெரியவரோ அதற்குப் பிறகுதான் மூச்சையே இழுப்பார். படத்தில் நுரையீரல் சுருங்கி, நல்ல இதயமும் பெருத்ததுபோலத் தெரியும். நாலு மாதம் பழகிய பிள்ளை, "அய்யா, ஒரு தடவை எனக்கு இழுத்துக் காட்டுங்க" என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பட்டன் பக்கமே போகும்.

சடையையும் சொல்ல வேண்டும். பின்னிய சடை தோளில் கிடந்தால், நுரையீரலின் மேல்நுனியில் நிழலாக விழும். காசநோய் பெரும்பாலும் தடம் வைக்கிற இடமும் அதுதான். சடையைத் தூக்கிக் கட்டச் சொல்ல மறந்தால், இல்லாத நோய்க்காக ஒரு குடும்பம் அலைய நேரும்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது ஒரு கேள்வியை. கல்யாணமாகி ஆறு மாதமான பெண், மாமியாரோடு வயிற்றுவலி என்று வந்திருக்கிறாள். "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று மாமியார் முன்னால் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். தனியே கூப்பிட்டு, கதவைச் சாத்திக் கேட்டால் உண்மை வரும். கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால், படம் வேண்டுமா என்று டாக்டரிடம் மறுபடி கேட்டாக வேண்டும். கதவைச் சாத்திக் கேட்கும் அந்தப் பக்குவத்தை எந்தப் பாடப் புத்தகமும் கையில் கொடுத்துவிடாது.

கதிர்வீச்சு என்றதும் பயப்படவும் வேண்டாம். ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர்வீச்சு, இயற்கையாகவே சில நாட்களில் நம் உடம்பில் படும் அளவுதான். வயிற்று சி.டி. ஸ்கேன் என்றால் சில வருஷத்து அளவு. அதனால்தான் ஒரே தடவையில் சரியாக எடுக்கிற பிள்ளையைத் தேர்ந்த பிள்ளை என்கிறேன். தினமும் அறைக்குள் நிற்கிறவர்கள் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருப்பார்கள். அவர்கள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி அளக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் பேசிய இந்த எக்ஸ்ரே கதிரை 1895இல் விஞ்ஞானி ரான்ட்ஜன் கண்டுபிடித்தார். சென்னை பொது மருத்துவமனையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் வந்தது. புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017இல்தான் வந்தது.

எங்கே படம் எடுக்கப் போனாலும், பழைய படம் இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நெஞ்சில் இருப்பது பழைய தழும்பா, புதிதாக வந்ததா என்று டாக்டருக்குப் புரியும். பல சமயம் இன்னொரு ஸ்கேனே தேவைப்படாது.